பிள்ளைகள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

“…செத்ததுதான் செத்தன், ஒரு நல்ல படத்தைப் போட்டுச் சாகடிச்சிருக்கலாமெல்லோ. வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறன்” என்றாள் அக்கா.

உடுப்பிட்டிச் சந்தி மதிலில் ஒட்டியிருந்த தன்னுடைய கண்ணீர் அஞ்சலியை, என் ஓட்டோவுக்குள் இருந்தபடி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். கீரிமலைக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். இடம்பெயர்ந்து முப்பது வருடத்துக்கு மேலாக உடுப்பிட்டியில் இருக்கிறாள். அவளுடைய வீடும் வளவும் கிணறும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். காணியை விடச் சொல்லி எங்கே ஆட்கள் கூடினாலும் அங்கே அவள் நிற்பாள். அப்படி ஒரு நாள், “என்ரை கிணத்துத் தண்ணி ஒரு மிடறு குடிக்காமல் நான் சாகமாட்டன். யமன் வந்தாலும் வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ” என்று கத்தினாள்.

சனம் வாயால் சொல்லுவதைக் கொப்பியில் எழுதி வைக்கிறது எனக்குச் சின்னப் பழக்கம். ஓட்டோவில் ஏறுகிறவர்கள் சொன்னதே ஏழெட்டுக் கொப்பி வரும். அன்றைக்குக் கொப்பியோடு நின்றிருக்கலாம். பெருமை தாங்காமல் படத்தையும் வசனத்தையும் இணையத்தில் போட்டேன். ஊர் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்தான் நாலு பொடியள் நின்றிருக்கிறார்கள்.

யாழ்ப்பாண நகரில் ரொக் இசைக்குழு வைத்திருக்கிற பொடியள். காணி பறிபோன கதையை ஒரு முழு இசைத்தொகுப்பாகப் பாடியிருந்தார்கள். பாட்டில் பிழை சொல்லமாட்டேன். அதில் இருந்த அரசியல் எங்கள் அரசியல்தான். அதைப் பரப்ப அவர்கள் பிடித்த வழிதான் இது. இரவோடு இரவாகக் குடாநாடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அக்கா. “தன் கிணற்றுத் தண்ணீர் குடிக்காமலே கண்மூடினார்.” முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை என்று ஒரு தேதியும் நகரத்து மண்டபம் ஒன்றின் பெயரும். ‘உற்றார் உறவினர் அனைவரும் மதிய போசனத்தில் கலந்துகொள்ளவும். தகவல்: பிள்ளைகள்.’ அடியில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். போனை அதற்கு நேரே பிடித்தால் மேளம் அதிர முதல் பாட்டுத் தொடங்கும்.

எங்கள் பக்கத்தில் மதிலில் அஞ்சலி கண்டவன் போனை நீட்டமாட்டான். உடுப்பை மாற்றிக்கொண்டு செத்த வீட்டுக்கு வெளிக்கிடுவான். அக்கா வீட்டு ஒழுங்கைக்குள் அன்று விடியவே வெள்ளைச் சீலைகள் வந்துவிட்டன. வட்டுக்கோட்டையில் இருந்து வந்த மச்சாள் படலையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, முற்றத்தில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினாள்.

“என்னடி, செத்த வீட்டிலை மீனோ?”

“நான் சமைச்சாத்தானே நீ தின்னலாம். கத்தினது காணும், இருந்து வெங்காயத்தை உரி.”

வந்தவர்கள் அழுததையும் சிரித்ததையும் யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். கனடாவும் லண்டனும் பார்த்தன. பொடியளுடைய பாட்டு ஓடோ ஓடென்று ஓடியது. அக்காவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சந்திக்கு வந்து பார்த்துச் சொன்னதுதான் மேலே எழுதியது.

இரண்டு கிழமை கழித்துத்தான் அடி விழுந்தது. காணிச் சொந்தக்காரரைப் பஸ்ஸில் ஏற்றி முள்ளுக்கம்பிக்கு உள்ளே கொண்டுபோய், ஒரே ஒரு நாள் எல்லை காட்டவிட அரசாங்க ஆட்கள் ஒழுங்கு செய்திருந்தார்கள். அக்கா புதுப் போத்தல் ஒன்றைக் கழுவிப் பையில் வைத்திருந்தாள், கிணற்றுத் தண்ணீர் எடுக்க. பஸ் வாசலில் பெயர் கூப்பிட்டவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அம்மா, கண்ணீர் அஞ்சலி நோட்டீசைப் பாத்து, நீங்கள் மோசம் போயிட்டியள் எண்டு பேரை வெட்டியாச்சு. உங்கடை இடத்துக்கு வேறை ஆளைப் போட்டிட்டம்.”

“நான் முன்னாலை நிக்கிறன்.”

“நிக்கிறியள்தான். ஆனால் லிஸ்டிலை இல்லையே.”

பஸ் போனது. அவளை ஓட்டோவில் திரும்பக் கூட்டிவந்தேன். வீட்டுப் படலையில் இறங்கி, வெறும் போத்தலை என் கையில் தந்து, “தம்பி, அந்தியேட்டி எண்டைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. பொடியளுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு வழியும் காட்டவில்லை. இரண்டு வான் பிடித்தேன். அந்தியேட்டியன்று விடிய, சனம் அதற்கு முழுகப் போகிற கீரிமலைக் கேணிக்கு ஓடி அந்தப் போத்தலை நிரப்பினேன். எனக்கு அந்தப் பொடியள் அழ வேண்டும் போல இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மண்டபத்தில் இளசுகள் நிறைந்திருந்தார்கள். கிற்றார் ஏதோ சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீலையில் முப்பது பொம்பிளையள் முன்வரிசைக்குப் போனதும் கைதட்டு எழுந்தது. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்தார்கள். பாடகனும் அப்படித்தான் நினைத்தான். முதுகுவரை கூந்தல். அவனுடைய படம் எங்கே வந்தாலும் அந்தக் கூந்தல்தான் முதலில் தெரியும். ஓடிவந்து அக்காவின் காலைத் தொட்டு மேடைக்குக் கூட்டிப்போனான். நூறு போன் மேலே எழும்பியது.

“சோறு எங்கை தம்பி? மதிய போசனம் எண்டு போட்டிருக்கு.”

“அது… சும்மா ஒரு கருத்துக்குப் போட்டது அம்மா.”

“தகவல் பிள்ளையள் எண்டு போட்டிருக்கு. அதுவும் கருத்துக்கோ?”

“நாங்கள் எல்லாரும் உங்கடை பிள்ளையள்தானே அம்மா!” என்றான் மைக்கில். கைதட்டு கூரையைப் பிடுங்கியது.

“அப்ப நல்லது. நீங்கள் போட்ட நோட்டீசாலை என்ரை பேரை வெட்டி, கிணத்தடிக்குப் போற பஸ்ஸிலை என்னை ஏத்தேல்லை. நீங்கள் சொன்னபடி தண்ணி குடிக்காமல் செத்திட்டன். தாய் செத்தா மூத்தவன் மொட்டை அடிக்கவேணும். ஆரடா மூத்தவன்?”

மற்ற மூன்று பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன், மேலே எழும்பி நின்ற போன்களைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டு மேடைக் கதிரையில் அமர்ந்தான். கணக்குப் போட்டுவிட்டான் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியது.

“உவையளைப் போனை உள்ளை வைக்கச் சொல்லு. இது பாட்டு விக்கிறதுக்கில்லை.”

அவனுடைய சிரிப்பு அப்போதுதான் போனது. “அம்மா, ஒருத்தரும் பாக்காட்டி…”

“நான் பாப்பன்.”

அவன் மைக்கைக் கேட்டு வாங்கினான். போனை வையுங்கோ என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஒவ்வொன்றாக வெளிச்சம் அணைந்தது.

நான் நீட்டிய போத்தலை அக்கா வாங்கினாள். மூடியைத் திறந்து கேணித் தண்ணீரை அவன் உச்சந்தலையில் ஊற்றி, அந்தக் கூந்தலை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மடியில் செருகியிருந்த புது பிளேடின் கடதாசியைப் பல்லால் கிழித்தாள்.