சுளிக்காத முகம்

என் அண்ணனுக்கு நாற்பத்தாறாவது வயதில் ஞானம் வந்தது. வந்த இடம் டயர் கடை மாடி. செவ்வாயும் வியாழனும், மாலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்னார். நடப்பதெல்லாம் கிழவர்கள் சமாச்சாரம் என்று இவன் கராத்தே வகுப்பில் சேர்ந்துவிட்டான். பதினெட்டுப் பேர் நிற்கும் வரிசையில் இவன் ஒருவனுக்குத்தான் தொப்பை. மாஸ்டர் இவனைவிடப் பதினேழு வயது சின்னவர். இவன் குனிந்து வணங்கி "மாஸ்டர்" என்பான், அவர் கூச்சத்தோடு "சார்" என்பார்.

கால் தலைக்கு மேல் போகவில்லை. சொல்லப்போனால் இடுப்புக்கு மேலேயே போகவில்லை. அதனால் மனசைப் பிடித்துக்கொண்டான். மனசைத் தூக்கத் தொடை வலிக்காது அல்லவா.

அவன் வேலை ஒரு வீட்டுச் சாமான் கடையில், பழுதான பொருளைத் திருப்பி வாங்கும் மேசையில். சூடாகாத இஸ்திரிப் பெட்டியையும் சுற்றாத மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு, தாங்கள் சூடாகிச் சுற்றிக்கொண்டு வருவார்கள் வாடிக்கையாளர்கள். முன்பெல்லாம் அவர்கள் ஒன்று சொன்னால் இவன் ரெண்டு சொல்வான். வகுப்பில் சேர்ந்த பிறகு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை எண்ணிக்கொண்டு நின்றான். கத்துகிறவர்கள் தொண்டை வறண்டு, ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி பாராட்டினார். அவ்வளவுதான், இவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் 'பெல்ட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது கேலி என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

பிறகு வித்தை வீட்டுக்கும் வந்தது. நான் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன், ஆகவே எல்லாக் காட்சியும் எனக்கு இலவசம். குளியலறைக் குழாய் ஒரு மாதம் சொட்டியது. ஆளைக் கூப்பிடச் சொன்ன அண்ணியிடம், "அந்தச் சத்தத்தோட ஏன் சண்டை போடற? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான். அது பாட்டுக்கு இருந்ததில் சுவரோரத்து மர அலமாரி ஊறிப் பிளந்தது. அலமாரியோடும் அவன் சண்டை போடவில்லை.

வகுப்பில் மோதல் பயிற்சி தொடங்கிய அன்றுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம் கிடைத்தது. "அடி விழுந்தா மூஞ்சில காட்டாதீங்க சார்," என்றாராம் மாஸ்டர். "நீங்க சுளிச்சாத்தான் நடுவர் எதிராளிக்குப் புள்ளி குடுப்பாரு." பாவம், போட்டிக்காகச் சொன்னார். இவன் வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டான்.

ஒரு திங்கட்கிழமை அண்ணி கையில் ஒரு கடிதத்தோடு வேலையிலிருந்து வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக இருப்பவள். வேறு ஊரில் திறக்கும் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு வருஷம். ரயிலில் பதினோரு மணி நேரம். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அண்ணி போனால் அந்த வீட்டில் அண்ணனும் ஊறிப்போன அலமாரியும்தான். கிண்ணத்தைத் திருப்பித் தரப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது அவன் முகம். "நல்ல விஷயம்தானே. உன் இஷ்டம்."

"ரெண்டு வருஷங்க."

"ஓடிடும்."

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டாள், புதன்கிழமை துணி மடித்தபடி கேட்டாள். இவன் மூச்சை எண்ணினான். கடைசியில் அவள் என்னிடம் வந்து, "வாசல்ல கெடக்கற நாற்காலியைக் காணோம்னாக்கூட எங்கன்னு கேப்பாரு. நான் அதுக்கும் கீழ போல" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து நேராக மாடிக்கு என்னிடம் வந்தான் ஞானி. விலாவில் யாரோ உதைத்திருந்தார்கள், கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமைலேர்ந்து சாப்பாடே இறங்கல பாப்பா," என்றான். எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"அதை அண்ணிகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? நான் மூஞ்சியைச் சுளிச்சா அவ நின்னுடுவா. எனக்காக அவ ஏன் நிக்கணும்?"

"அண்ணி என்ன உன் எதிராளியா? இப்படி நின்னு யார்கிட்ட புள்ளி வாங்கப் போற?" என்று கத்திவிட்டேன். "தான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு ரயில் ஏறப் போறா. அது பரவால்லையா உனக்கு?" கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

வெள்ளிக்கிழமை காலை கீழே இறங்கியபோது அண்ணி கைப்பையோடு தயாராக இருந்தாள். மேசைமேல் கடிதம், கையெழுத்து இல்லாமல். அண்ணன் அவளுக்கு எதிரில் கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு மூச்சு இழுத்தான். இரண்டாவது மூச்சு பாதியில் உடைந்தது.

"நீ இல்லாம எப்படி இருக்கப் போறேன்னு தெரியல," என்றான். "போகாதன்னு சொல்லல. ஆனா சொல்லணும் போலத்தான் இருக்கு." அதற்குமேல் முடியவில்லை. உதடு கோணி, மூக்கு ஒழுகி, அசிங்கமாக அழுதான்.

அண்ணி அவனை நிதானமாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டான். "போறியா?"

"போறேன். திங்கக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்." எழுந்து வந்து அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "இந்த மூஞ்சியை ஒரு தடவை பாக்காம போகத்தான் மனசு வரல."