புன்னைக்காயலில் சுற்றாத ரீல்

கல்யாணம் ஆகாத ஐம்பத்தேழு வயது ஆளுக்குப் பொங்கல் விடுமுறை நான்கு நாள் என்பது ரொம்பவே அதிகம். (ஏன் ஆகவில்லை என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். போன தடவை பதினோரு பேர் கேட்டுவிட்டீர்கள்.) மதுரையில் நான் குடியிருக்கும் மாடியில் எட்டு வீடு. போகிக்கு முந்தின நாளே ஏழும் பூட்டியாகிவிட்டது. பொங்கலன்று குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசியை வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருந்தபோது பூட்டிய ஏழு கதவையும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன். இது வேலைக்கு ஆகாது என்று மறுநாள் காலை ஐந்து பத்துக்கு மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏறினேன்.

துணைக்கு வந்தது கேமரா. ஒரு காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வைத்திருந்த ஃபிலிம் எஸ்.எல்.ஆர். முழுக்க உலோகம், லென்ஸோடு ஒன்றரைக் கிலோ. வெளிச்சம் அளக்கிற மீட்டர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, நான் வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். ஷட்டர் மட்டும் இன்றைக்கும் அடித்தால் கேட்கும். ஐம்பது எம்.எம்., எண்பத்தைந்து எம்.எம். இரண்டு லென்ஸ், கறுப்பு வெள்ளை ரீல் மூன்று. ஒரு ரீல் இப்போது ஆயிரம் ரூபாயை நெருங்குகிறது. ஆகவே முப்பத்தாறு படத்தையும் யோசித்து யோசித்துத்தான் அமுக்க வேண்டும்.

எட்டரை மணிக்குத் தூத்துக்குடி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒற்றை அறை எழுநூறு ரூபாய். 'ஒரு ஆளா' என்று கேட்டுவிட்டுப் பையன் ஒரே தலையணையைப் போட்டுவிட்டுப் போனான். மக்ரூன் எந்தக் கடையில் வாங்குவது என்று எழுத வேறு பதிவர்கள் இருக்கிறார்கள், நான் நேரே கடற்கரைச் சாலைக்குப் போனேன். துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. கேட்டில் நின்று கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள். சாலையில் இருந்தே சரக்குத் தோணிகள் தெரியும். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களை எடுத்தேன். ஒருவர் கேமராவின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, படம் தெரியாத கேமராவை எதுக்குச் சுமக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தரைக்கு முதல் ரீல் முடிந்தது.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுவிட்டது, ஊர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றான புன்னைக்காயலுக்குப் பழைய பஸ் நிலையத்தில் இருந்து நேர் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். நான் போனபோது பதினொன்றே கால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடி ஏறி, குலுங்குகிற சீட்டில் உட்கார்ந்து இரண்டாவது ரீலை மாட்டினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். வழியெல்லாம் உப்பளம். வெள்ளைக் குவியலில் கண் கூசும், வெயிலை நம்பி வைக்காமல் வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடக் கொடுங்கள்.

புன்னைக்காயலில் இறங்கியதும் கோயிலுக்குப் (இந்தக் கரையில் கோயில் என்றால் சர்ச்) பக்கத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் பிலோமி அக்கா, அறுபத்து நான்கு வயது. வீட்டுக்காரர் இல்லை. மூத்த மகன் மஸ்கட்டில், இளையவன் கப்பலில். டீயைக் கொடுத்துவிட்டுக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவிப் பேப்பரில் போட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுப்பேன் என்றேன். அப்படியானால் தன்னை ஒன்று எடுக்க வேண்டும், அடக்கத்தன்று பெட்டிக்குத் தலைமாட்டில் வைக்கிற படம் என்றார். அரைக் கிலோ சீனி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

காரணமும் சொன்னார். போன வருஷம் அவருடைய தங்கை தவறியபோது தனிப்படம் ஒன்றுகூட இல்லையாம். போனில் இருந்ததெல்லாம் போனோடு போய்விட்டது. கடைசியில் ஏதோ கல்யாணப் படத்தில் இருந்து வெட்டி ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறார்கள்.

"அவ தோள்ல யாரு கையோ இருந்துச்சு தம்பி. வந்த சனமெல்லாம் அது யாரு கைன்னுதான் பாத்துச்சு. அவள ஒருத்தரும் பாக்கல."

கடையை அடைத்துவிட்டு உள்ளே போனவர் இருபது நிமிஷம் கழித்து ஊதாப் பட்டுச் சேலை, சங்கிலியோடு வந்தார். வாசல் வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போட்டேன். எண்பத்தைந்து எம்.எம்., ஷட்டர் அறுபதில் ஒன்று, லென்ஸ் துவாரம் இரண்டு புள்ளி எட்டு. சிரிக்கவா வேண்டாமா என்று பெரிய யோசனை அவருக்கு. சிரித்தால் செத்த மாதிரி இருக்காது, சிரிக்காவிட்டால் வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அவரே இரண்டு பக்கமும் பேசினார். ஆறு படம் எடுத்தேன். முகவரி வாங்கிக்கொண்டேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

பிறகு ஆறு கடலில் சேருகிற பக்கம் போய் வலை, படகு, காய்கிற மீன் என்று எடுத்துத் தள்ளினேன். நான்கு மணி இருக்கும். எண் காட்டி முப்பத்தாறைத் தாண்டியது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. ரீலைத் திரும்பச் சுற்றுகிற இடது பக்கக் குமிழைத் திருப்பினேன், பிடிப்பே இல்லாமல் சுற்றியது. மூடியைத் திறந்தால் ரீல் நாக்கை நீட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. பஸ் குலுக்கலில் ரீலின் நுனி பல்லில் மாட்டவே இல்லை, அக்காவின் ஆறு உட்பட ஒரு படமும் பதியவில்லை. ரீல் ஓடினால் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் சுற்றும். அதைப் பாருங்கள் என்று இதே வலைப்பதிவில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போய் ஐந்து இருபது பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவரிடம் என் நம்பர் இல்லை. படம் வராவிட்டால் தபாலில் தொலைந்தது என்று நினைத்துக்கொள்வார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வழியில் முக்காணி தாண்டும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அம்மா நம்பி உட்கார்ந்தது சாவுக்கான படத்துக்கு. தலைமாட்டில் வைக்க ஒன்றும் இல்லாமல் இன்னொரு ஆள் போவதற்கு நான் காரணமாக வேண்டுமா?

மறுநாள் காலையில் மதுரைக்குப் போக வேண்டியவன் ஆறே முக்கால் புன்னைக்காயல் பஸ்ஸைப் பிடித்தேன். அக்கா வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், நேற்றுச் சொல்லாமல் ஓடினதையும் சேர்த்து. அவர் இரண்டு மகன்களுக்கும் போன் போட்டு, படம் எடுத்தாயிற்று, இனி கவலை இல்லை என்று சொல்லிவிட்டிருந்தார். மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஓடிப் போனது தப்பு தம்பி. திரும்பி வந்துட்டியள்லா. உக்காருங்க, வடை போடுதேன்."

சாப்பிட்டுவிட்டு ரீலை மாட்டினேன், இந்தத் தரம் குமிழ் சுற்றுவதை அவருக்கும் காட்டி. அதே ஊதாச் சேலை. முதல் நாளைவிட நன்றாக உட்கார்ந்தார். பாதிச் சிரிப்பில் ஒன்று கிடைத்தது, அதுதான் என்று அப்போதே தெரிந்தது. கேமராவைப் பையில் வைக்கப் போனேன்.

"உங்களுக்கு யாரு எடுத்து வச்சிருக்கா?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பப் பார்த்தேன். விடவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேமராவை வாங்கினார். அம்மிக்கல்லா இது என்று சலித்துக்கொண்டார். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ள வட்டத்தில் என் மூக்கு இரண்டாக உடைந்து தெரியும், லென்ஸைத் திருப்பி ஒன்றாகச் சேருங்கள் என்றேன். அவசரமே படவில்லை. இத்தனை நேரம் ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அமுக்கிவிட்டார்.

போகிறவர்களுக்கு: கடல் காற்றில் உப்பு உண்டு, அறைக்குத் திரும்பியதும் லென்ஸைத் துடையுங்கள். மாலைக் கடைசி பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் ஆட்டோவுக்கு அறுநூறு கேட்பார்கள். வலை காய்கிற இடத்தில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். எடுத்துத் தருகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ரீலைச் சமையலறையில் நானே கழுவினேன். அக்காவின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டமும் அடித்தாயிற்று. என் படத்தில் உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, மற்றபடி மூக்கு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. ஒரு பிரதி போட்டு மேஜையில் மூன்று நாள் வைத்திருந்தேன். யாரிடம் கொடுத்து வைப்பது என்று தெரியவில்லை. திருச்சியில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினால் என்ன விசேஷம் என்று கேட்பார். கடைசியில் அக்காவின் பார்சலிலேயே அதையும் வைத்து ஒட்டிவிட்டேன். எனக்கு ஒன்று ஆகி, யாருக்காவது என் படம் தேவைப்பட்டால், புன்னைக்காயல் பஸ்ஸில் ஏறிக் கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். பிலோமி அக்காவிடம் இருக்கிறது.