அக்கா மகளுக்கு நான் வைத்த பேனர்

அக்கா மகள் வயதுக்கு வந்த செய்தி வந்தபோது நான் தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் வேலையில் இருந்தேன். மெஷினை நிறுத்தி, கையில் இருந்த ஆயிலைக்கூடத் துடைக்காமல், மனதுக்குள் எங்கள் மாரியம்மனைக் கும்பிட்டேன். அக்கா வீட்டுக்காரர் காலமாகி ஐந்து வருடம். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். அப்பா இல்லாத பிள்ளை, அதனால்தான் விசேஷம் இப்படிச் சுருங்கிவிட்டது என்று எங்கள் ஊர் அரியாங்குப்பத்தில் ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

கோயிலில் பூப்போட்டுக் கேட்டேன். நல்ல காரியம் எதுவானாலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு. வெள்ளைதான் வந்தது. பதினாறாம் நாள் மஞ்சள் நீராட்டு என்று முடிவாயிற்று.

அடுத்தது பேனர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் தட்டு வரிசை மட்டும் இல்லை. பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் போட்டு ரோட்டில் வைக்கிற பேனரும் அதில் சேர்த்திதான். பேனர் எவ்வளவு பெரிதோ மாமன் அவ்வளவு பெரியவன். நான் பன்னிரண்டு அடி சொன்னேன். பெண்ணின் தலையில் கிரீடம், பின்னால் மயில் பூட்டிய தேர், மேலே மூலையில் மாரியம்மன், கீழே கைகூப்பியபடி நான். பேனர் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட பெண்ணிடம், "மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பாக்கும்மா. அப்படியே என்னையும்" என்றேன். 'மொட்டு மலர்ந்தது, எங்கள் குலம் குளிர்ந்தது' என்று வாசகமும் நானே எழுதிக் கொடுத்தேன். அவள் அதை அப்படியே அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் இன்னும் இரண்டு பெண்களோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூவரும் அதே தெரு. இவள் காலையில் காலேஜ், மதியத்துக்கு மேல் பேனர் கடை. இன்னொருத்தி நர்சிங் படிக்கிறவள். மூன்றாமவள் மீன்காரர் வீட்டுப் பெண், காலேஜ் முதல் வருடம். தெருவில் எந்த வீட்டில் மஞ்சள் நீராட்டு என்றாலும் இந்த மூவரும் போய் நிற்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"அங்கிள், விசேஷம் நல்லா பண்ணுங்க. நாங்களும் வந்து சாப்புடுவோம். பேனர்ல பொண்ணு ஃபோட்டோ மட்டும் வேணாம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"ஏம்மா, நீயே டிசைன் பண்ணிட்டு நீயே வேணான்றியே?"

"பண்றதாலதான் சொல்றேன். எல்லா பொண்ணு மூஞ்சியையும் நான்தான் வெளுப்பாக்கறேன். அப்புறம் அதுங்க தலைய குனிஞ்சிகிட்டு ரோட்ல போறதையும் நான்தான் பாக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கெல்லாம் பேனர் வெக்க ஆள் இல்ல போல. அந்த வயித்தெரிச்சல்" என்றேன்.

நர்சிங் பெண் சிரித்துவிட்டாள். "எனக்கு வெச்சாங்க அங்கிள். பதினாறு அடி. உங்கள விட பெரிய மாமா எங்க மாமா. மூணு மாசம் இருந்துச்சு. யாரோ எனக்கு மீசை வரைஞ்சி வெச்சாங்க. ஒம்பதாவதுல பாதி நாள் நான் ஸ்கூலுக்கே போவல."

உடனே அம்மனை இழுத்தேன். "இது ஆத்தா உத்தரவு. பூ கேட்டுட்டுத்தான் செய்றேன்."

"பேனருக்கும் பூ கேட்டீங்களா அங்கிள்?"

தேதிக்கு மட்டும்தான் கேட்டிருந்தேன். "போங்கம்மா, போய் படிக்கிற வேலைய பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். உள்ளே ஓலை மறைப்புக்குப் பின்னால் அக்கா மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விசேஷம் நிறைவாக நடந்தது. பேனரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ் ஏறுகிற ஸ்டாப்பிங்கில் கட்டியிருந்தேன். நாலு பேர் பார்க்கிற இடம் என்றுதான் அங்கே கட்டினேன். தினமும் வேலைக்குப் போகும்போது வண்டியை மெதுவாக்கி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவேன்.

அக்கா மகள் ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போனாள். மறுநாள் வயிற்று வலி. அதற்கடுத்த நாள் தலைவலி. அப்புறம் காரணமே சொல்லவில்லை. பத்து நாள் ஆனபின் அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதாள்.

"தம்பி, ஸ்டாப்பிங்ல பசங்க அவள மொட்டுன்னு கூப்புடறானுங்களாம். பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்பவும் போவலன்னா நிறுத்திட்டு தையலுக்கு அனுப்பிடறேன். வேற இன்னாடா பண்றது?"

எட்டாவதில் கணக்குக்கு முதல் மார்க் வாங்குகிற பிள்ளை அது. நான் எழுதின ஒரு வரி அதன் படிப்பை நிறுத்தப் போகிறது.

மறுநாள் விடியற்காலையில் கத்தியோடு பேனரை இறக்கப் போனேன். சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன. முந்தின நாள் காற்று மழையில் அறுந்து விழுந்திருக்கும், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பாரம் இறங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கண்ணு, பேனர் போயிடுச்சி. இனிமே இல்ல."

"சத்தியமா மாமா?"

"ஆத்தா மேல சத்தியமா."

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். பையை மூலையில் எறிந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். ஒரு மீன் கடைக்கு மேலே கூரையாக அவள் முகம், கிரீடத்தோடு. பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்களாம். அவள் இறங்கி நடந்தே வந்துவிட்டாள்.

"நீ பொய் சொல்ற மாமா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பெண்களைத் தேடிப் போனேன். குத்திக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரி, "மொதல்ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள். நர்சிங் பெண் மட்டும், "பன்னண்டு அடின்னா தேடறது ஈசிதான்" என்றாள். மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது எந்தக் கடை என்று கேட்டதுமே தெரிந்தது. ஸ்கூட்டி சீட்டைத் தூக்கி மடித்து வைத்திருந்த ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்தாள். இதுதான் அவர்கள் வேலை செய்கிற விதம். விசேஷம் முடிந்த பேனரெல்லாம் வெயிலுக்கும் மழைக்கும் யாருக்கோ கூரையாகத்தான் போகும். அதைப் பறித்தால் சண்டை வரும். அதனால் தார்ப்பாயைக் கொடுத்துப் பேனரை வாங்கிக்கொள்வார்கள். ட்யூஷன் எடுத்த பணத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மீன் விற்கிற அம்மா லேசில் விடவில்லை.

"ஏ புள்ள, என் கூரைய புடுங்க வந்துட்டியா?"

"கூரைக்கு கூரை தரேன் அத்த. இது ஒழுவாது."

"இதுல ஆத்தா இருக்கறா. கால்ல படக்கூடாதுன்னுதான் தலைக்கு மேல கட்டனேன். காலையிலேர்ந்து யாவாரமும் நல்லா ஆவுது." பிறகு பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழ கும்புட்டுகினு நிக்கறது நீதான? நேர்ல இவ்ளோ கறுப்பா இருக்க?"

மூன்று பெண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மீன்காரர் வீட்டுப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். "அத்த, இத பாத்துட்டு அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது."

அந்த அம்மா தராசை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்று முடிச்சை அவரே அவிழ்த்தார்.

பேனரை அக்கா வீட்டுக் கூடத்தில் விரித்தோம். கொளுத்தினால் நாறும். குப்பையில் போடலாம் என்றால் அம்மன் இருக்கிறாள். "சாமிய நீங்க வெட்டி எடுங்க அங்கிள்" என்று கண்ணாடிக்காரி கத்தரிக்கோலைக் கொடுத்தாள். வெட்டி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பிறகு அவள் கத்தரிக்கோலை அக்கா மகளிடம் நீட்டினாள். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை.

அக்கா மகள் முதலில் என் வாசகத்தை வெட்டினாள். அப்புறம் மயில், தேர், கிரீடம். தன் முகத்தை நாலாக மடித்து வெட்டினாள். கடைசியில் கைகூப்பிய நான் மட்டும் மிஞ்சினேன். அதைச் சுருட்டிக் கையில் எடுத்தாள்.

"இத நான் வெச்சிக்கறேன்."

"எதுக்குடி?" என்றாள் அக்கா.

"அடுப்பங்கரையில எலி வருதில்ல, அங்க ஒட்டலாம்."

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அடுத்த திங்கட்கிழமை அந்த மூவரும் அவளோடு ஸ்டாப்பிங்குக்குப் போனார்கள். செவ்வாயும் போனார்கள். நான் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். புதன்கிழமை ஒரு பையன் கத்தினான். "ஏய் மொட்டு, பஸ் வந்துடுச்சி!"

நான் ரோட்டில் கால் வைத்துவிட்டேன். நர்சிங் பெண் என்னைப் பார்க்காமலே, அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள். அக்கா மகளே திரும்பினாள்.

"அது எங்க மாமா எழுதனது. உனக்கும் எழுதித் தரச் சொல்லவா? பன்னண்டு அடி, கிரீடத்தோட."

அவன் கூட்டாளிகளே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பஸ் ஏறினாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் அந்த அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் அக்கா மகள் தெரிந்தாள். பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். நீ சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன், மன்னித்துவிடு ஆத்தா என்றேன். அந்த மூன்று பெண்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று கற்பூரம் ஏற்றினேன். பூப்போட்டுக் கேட்கவில்லை. இதற்கு உத்தரவு தேவையில்லை என்று பட்டது. அக்கா மகள் இப்போது ஒன்பதாவது. எலிக்குப் பயம் காட்ட நான் இன்னும் அடுப்பங்கரைச் சுவரில் கைகூப்பியபடி நிற்கிறேன்.