அனார்குல் கூப்பிடாத பெயர்

அந்தக் கோப்பில் இருப்பது என் கையெழுத்து. ‘ஏழு தலைமுறை முன்னோர் பெயர்களையும் பிழையில்லாமல் சொன்னார். நினைவாற்றல் நன்று. சான்றிதழ் தேவையில்லை.’ எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அனார்குலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை மறைத்துவிட்டு எழுத முடியவில்லை. திட்ட நினைப்பவர்கள் இங்கேயே திட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

என் பெயர் சய்ராகான். கிர்கிஸ் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன மாவட்ட மருத்துவமனை. அங்கே ஊனச் சான்றிதழ்க் குழுவுக்கு நான் எழுத்தர். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. கால் போனவர்கள், கண் போனவர்கள் வந்து நிற்பார்கள், பார்த்தாலே தெரியும். நினைவு போனவர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்தமாகச் சவரம் செய்து, வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்து, மாப்பிள்ளை மாதிரி அழைத்து வந்திருப்பார்கள். எங்கள் படிவத்துக்கு அவர்களை அடையாளம் தெரியாது.

அனார்குல் தன் மாமனாரை அப்படித்தான் ஒரு செப்டம்பரில் அழைத்து வந்தாள். மேலே கோக்-ஜார் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நாற்பத்தேழு வயது, தடித்த கை, கொஞ்சம் உரத்த குரல். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. விசாரித்தால், "பனி உருகுனா வருவாரு" என்பாள். எந்த வருடத்துப் பனி என்று நான் கேட்டதில்லை. வீட்டில் அவளும் எண்பத்தொரு வயது மாமனாரும்தான்.

மாமனாருக்கு மறதி நோய் முற்றிப்போயிருந்தது. பூட்ஸை ரொட்டி அடுப்புக்குள் வைப்பார். கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். "எங்க போறீங்க அத்தா?" என்றால், "அம்மா தேடுவா" என்பார். அத்தா என்றால் எங்கள் ஊரிலும் அப்பாதான். அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அவரை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் திரும்பி வந்தபோது கண்ணாடி உடைந்து, கிழிந்த மணிக்கட்டோடு, தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து பூட்டுப்போட அவளுக்குக் கை வரவில்லை.

சான்றிதழ் இருந்தால் அரசு உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார். அவள் கேட்டது அதைத்தான்.

"நாலு மணி நேரம் போதும்க்கா. சூப்ப எறக்கி வச்சுட்டு நான் ஓடியாந்துருவேன்."

"பேரு சொல்லு" என்றேன்.

"அனார்குல்."

"உன் பேரு எதுக்கு? அவரு பேரு."

அவள் சிரித்துவிட்டு அவருடைய அடையாள அட்டையை என் பக்கம் தள்ளினாள். நானும் மருமகளாக வாழ்ந்தவள்தான், கேட்டிருக்கக் கூடாது. மருமகள் மாமனார், மாமியார் பெயரை வாயால் சொல்வது எங்களிடம் இல்லை. அட்டையில் கோஸுபெக் என்று இருந்தது. கோஸு என்றால் ஆட்டுக்குட்டி. அதனால் கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக இவள் ஆட்டுக்குட்டியையும் பெயர் சொல்லவில்லை, ‘கத்துறது’ என்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில், "இன்னிக்குக் கத்துறதோட கறி" என்று இவள் சொல்ல, பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டு கேலி செய்வார்களாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் போய், "அத்தா, எந்திரிங்க" என்றாள். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாருடைய அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று. அதற்குள் தாதி கதவைத் திறந்து, "கோஸுபெக்!" என்று கூவினாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரித் துள்ளி எழுந்து, "இங்கதான் இருக்கேன்!" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் குழுத் தலைவர் டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. இப்போது ஓய்வுபெற்றுத் தேனீ வளர்க்கிறார், பெயர் வேண்டாம். அவர் தேதியைக் கேட்டிருக்கலாம், மாதத்தைக் கேட்டிருக்கலாம். வெள்ளைத்தாடி வைத்த பெரியவரிடம் இன்று என்ன கிழமை என்று கேட்க அவருக்குக் கூச்சம். "ஐயா, உங்க ஏழு தலைமுறையச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

எங்கள் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே ஏழு முப்பாட்டன் பெயர்களையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தெரியாதவனை அநாதை என்று ஏசுவார்கள். கோஸுபெக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பன் தோலோபெர்தி. அவரோட அப்பன் சார்பாய். அவரோட அப்பன் எல்சிபெக்..." என்று மளமளவென்று இறங்கினார். ஐந்தாவது பெயரில் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அட! நம்ம வகையறாவா நீங்க? என் முப்பாட்டனும் அவரும் ஒண்ணாக் குதிரை மேய்ச்சவங்களாச்சே!"

பெரியவர் மீதி இரண்டு பெயரையும் சொல்லி முடித்ததும், டாக்டர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அனார்குல் பதறிப்போனாள். "ஐயா, நான் யாருன்னு கேளுங்க. இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டாருன்னு கேளுங்க."

டாக்டர் கேட்டார். "ஐயா, இந்தம்மா யாரு?"

பெரியவர் அவளைப் பார்த்தார். நல்ல வீட்டில் வளர்ந்த மனிதர்; தெரியாது என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்வாரா? "தங்கமான பொண்ணு" என்றார். "ஆண்டவன் இவளுக்குக் கொறையில்லாம வைக்கட்டும். இந்த வீட்டுக்கும் கொறையில்லாம வைக்கட்டும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். டாக்டர் ஏந்தினார், தாதி ஏந்தினாள், நானும் பேனாவை வைத்துவிட்டு ஏந்தினேன். எல்லாரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"இந்தத் தலைய ஊனம்னு எழுதச் சொல்றியா?" என்று டாக்டர் அவளிடம் கடிந்துகொண்டார். "என் கை அழுகிப்போயிரும்மா. பெரியவங்களப் பாத்துக்கறது கஷ்டந்தான். பொறுமையாப் பாத்துக்க."

"நான் பாத்துக்க மாட்டேன்னு சொல்லலையே" என்றாள். அதற்கு மேல் அவளைப் பேசவிடாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அந்த மூன்று வாக்கியங்களை எழுதி முத்திரை குத்தினேன்.

இனி வருவது அவளே பின்னால் என்னிடம் சொன்னது.

நவம்பரில், முதல் பனி விழுந்த அன்று, அவள் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பாவம், அவள் வீட்டில் பசு கன்று போடச் சிரமப்பட்டது, அங்கே ஓடிவிட்டாள். மதியம் அனார்குல் வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, மேல்கோட்டு ஆணியில் தொங்குகிறது, ஆளைக் காணோம். அவர் காலமெல்லாம் ஆடு மேய்த்தவர் ஆயிற்றே என்று ஊர் ஆண்கள் எல்லாரும் குதிரையேறி மேய்ச்சல் பாதையில் போய்விட்டார்கள். அவள் மட்டும் எதிர்ப்பக்கம் வாய்க்கால் கரையோடு நடந்தாள்.

"அத்தா! அத்தா!" என்று கத்திக்கொண்டே போனாள். பனி விழுந்து காலடித் தடமெல்லாம் மூடிவிட்டது. மதகு வரைக்கும் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"அந்தப் பேரச் சொன்னாத்தான் அவரு திரும்புவாருன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் என்னிடம். "சுத்தி ஈ காக்கா இல்ல. சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? தொண்ட வரைக்கும் வந்துச்சு. வாயத் தெறந்தா அத்தான்னுதான் வருது. மறுபடி தெறக்குறேன், மறுபடி அத்தா."

இருட்டும் வரை அப்படியே கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆண்கள் அவரை மதகுக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடப்பதாக எல்லாரும் நினைத்திருந்த பழைய காவல் கொட்டகையில் கண்டுபிடித்தார்கள். அவள் நின்று கத்திய இடத்திலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. உயிர் இருந்தது. எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தபோது, அனார்குல் கரண்டியால் தேநீர் ஊட்டிக்கொண்டிருந்தாளாம். அவர் திடீரென்று அவளிடம் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அவ அப்பன் கெடச்சானா?"

"எந்தப் பொண்ணு?"

"வாய்க்கா மேட்டுல சாயங்காலம் பூரா அவ அப்பனக் கூப்புட்டுக்கிட்டே போனாளே. தொண்ட கிழியக் கத்துனா. பாவமா இருந்துச்சு. அவன் ஒரு பதில் சொல்லல பாரு, என்ன மனுசனோ."

அனார்குல் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "கெடச்சிட்டாரு" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மீதித் தேநீரையும் குடித்தார். அதற்கடுத்த இரண்டாம் நாள் நெஞ்சுச் சளியில் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்து அனார்குல் என் ஜன்னலுக்கு வந்தாள். பழைய கோப்பை மூட அவள் கையெழுத்து வேண்டும் என்று நாங்கள்தான் கடிதம் அனுப்பியிருந்தோம். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, காகிதத்தைப் பார்த்தபடி, பழக்கதோஷத்தில், "பேரு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கோஸுபெக்!"

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. ஜன்னலுக்குச் சொன்ன சத்தம் அல்ல அது. அவளே பயந்துபோய் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெளியே ஓடிவந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த பெஞ்சில்தான் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அந்தப் படிவத்த மாத்துங்கக்கா" என்றாள். "ஏழு தலைமுறையக் கேக்காதீங்க. இன்னிக்குக் காலைல நடந்ததக் கேளுங்க. கூட வந்தவளத் தனியா உக்கார வச்சுக் கேளுங்க. அவரு முன்னாடி எப்புடிக்கா நான் அவரப் பத்திச் சொல்லுவேன்?"

படிவத்தை மாற்ற எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எத்தனை கடிதம் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அவள் அதற்குள் வேறு ஒன்றைத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த நூலக அறையைப் பகல் நேரத்துக்குக் கேட்டாள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துப் போகலாம் என்று. ஊர்த் தலைவர் கொதித்துப்போனார்.

"பெத்தவங்கள விட்டுட்டுப் போக ஒரு கொட்டகையா? கிர்கிஸ்காரனுக்கு இதவிட வெக்கக்கேடு உண்டா?"

"வெக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் அனார்குல். "நீங்க கொதிகலன் குழாய மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்க."

அவர் தன் அம்மாவையே அங்கே அனுப்பிய பிறகு குழாய் வந்தது. அரசு உதவியாளர்கள் இருவர் இப்போது அங்கேயே வேலை பார்க்கிறார்கள். பதினொரு பெரியவர்கள். பள்ளிக்கூடச் சூப்பில் அவர்களுக்கும் பங்கு. யாராவது வழிதவறினால் தேடுவதற்காக, காவலரிடமும் மசூதியிலும் மேய்ச்சல்காரர்களிடமும் அவர்களைப் பற்றிய ஒரு விவரப் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் கேள்வி, ‘எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்?’

பெயர் பதிய வருகிற மருமகள்களுக்கு அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். நூலகத்துக்குப் பின்னால்தான் வாய்க்கால். அங்கே அழைத்துப்போய் நிறுத்திவிடுவாள். சிலர் சிரித்து உருளுவார்கள். சிலர் அழுவார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு போய் இரண்டு வாரம் கழித்து வந்தாள்.

போன குளிர்காலம் புதிய படிவங்களைக் கொடுக்க நான் போயிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மாமியாரைப் பதிய வந்து, கரையில் நின்று தலைத்துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முடியலக்கா. நாக்கு ஒட்டிக்குது. நீங்க மொதல்ல சொல்லுங்க."

அனார்குல் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். மதகுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "கோஸுபெக்!" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு உடனே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடி அங்கேயே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப நீ" என்றாள்.