ஏழரை மணி மிக்ஸி

டிவியில் ஓடும் சிரிப்புத் தொடர்களில் சிரிப்பது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரையில் நாலு பேர் இருப்பார்கள். நாலு பேரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எங்கிருந்தோ ஐம்பது பேர் கொல்லென்று சிரிப்பார்கள். முகத்தைக் காட்டாமல் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பிள்ளைக் காப்பகத்து ஆயாவாக முப்பது வருஷம் இருந்தவள் நான். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் வரிசையாகத் தொட்டிலில் கிடக்கும். பின்பக்கம் பால் காய்ச்சிக்கொண்டே, அழுவது மூன்றாவது தொட்டிலா ஏழாவது தொட்டிலா என்று எட்டிப் பார்க்காமல் சொல்லிவிடுவேன். எந்தப் பிள்ளை வலிக்கு அழுகிறது, எது நடிக்கிறது என்பதும் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வேலை முடிந்ததும், எஸ்டேட் ஆட்களுக்குக் கம்பெனி கொடுக்கிற லயத்து வரிசை வீட்டைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு, பாலக்காட்டில் மகன் வீட்டுக்கு வந்தேன். லயம் வேலை இருக்கும்வரைதான் நம் வீடு. மகனுக்கு ஆபீஸ் உத்தியோகம். மருமகள் மலையாளத்துப் பெண், அவர்களே விரும்பிக் கட்டிக்கொண்டது. எனக்குப் போக்கிடம் என்று இன்னொன்று இருந்தால் அது தங்கை வீடு. அங்கே ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர்.

தினமும் ஏழு மணிக்கு மலையாளத்தில் ஒரு குடும்பத் தொடர். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து பார்ப்போம். எல்லோருக்கும் பிடித்த தொடர்தான், எனக்குத்தான் அதில் யார் மேலும் நம்பிக்கை வரவில்லை. அந்த வீட்டு அம்மா மீன் கழுவுவாள், புடவையில் ஒரு சுருக்கம் விழாது. வேலைவெட்டி இல்லாத மாமன் ஒருவன் வருவான், நாளுக்கு ஒரு புதுச் சட்டை. யார் வாங்கிக் கொடுக்கிறார்கள்? அப்பாக்காரனை மனைவி, மகள், பால்காரன் எல்லோரும் வைவார்கள். அவனும் வழிந்துகொண்டு நிற்பான். இவ்வளவு நல்லவன் மாதிரி நிற்கிறவன் வெளியே எங்கேயோ தப்புப் பண்ணுகிறான் என்று ஒருநாள் சொன்னேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏம்மா, டிவி ஆளையுமா சந்தேகப்படுவெ?” என்றான்.

சில நாள் அதில் வீட்டு வேலைக்கு ஒரு தமிழ்க்காரி வருவாள். பெருக்க வருகிறவள் தலையில் முழம் முழமாய் மல்லிகைப்பூ, முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் ஐம்பது பைசா அளவுக்குப் பொட்டு. அவள் பேசுவது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. எதற்கெடுத்தாலும் வாயில் கையை வைத்து “ஆத்தாடி” என்பாள். உடனே அந்த ஐம்பது பேரும் சிரிப்பார்கள். எங்கள் லயத்தில் ஒருத்திகூட அப்படி இருந்ததில்லை. ஆனால் ஆத்தாடி என்பது என் வாயிலும் வரும். கேஸ் விலையைக் கேட்டாலும் வரும், குழம்பு பொங்கினாலும் வரும்.

அவள் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து சமையலறையை ஒட்டிய என் அறைக்குப் போய்விடுவேன். அப்படிப் போன ஒருநாள்தான் ஹாலிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. டிவிச் சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. யாருக்கோ கேட்கக்கூடாது என்று சிரிப்பது. அந்த வீட்டில் கேட்கக்கூடாத ஆள் நான் ஒருத்திதான்.

மருமகள்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அதற்கு மேல் விசாரணை வேண்டியிருக்கவில்லை, சாட்சி மட்டும் சேர்த்தேன். சாட்சிக்கா பஞ்சம்? தமிழ்க்காரி வருகிற நேரம் பார்த்து ரிமோட்டைத் தேடுவாள், சத்தத்தைக் குறைப்பாள். “அம்மே, கொஞ்சம் கிடக்கான் போறீங்களா? காலு வலி இல்லே?” என்று என்னைப் படுக்கப் போகச் சொல்லித் தேனாகக் கேட்பாள். காப்பகத்தில் ஒரு பிள்ளை வந்து கையைப் பிடித்து, வெளியே போகலாம் ஆயா என்று கொஞ்சினால், உள்ளே எதையோ உடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மிக்ஸி. நான் அறைக்குப் போவேன், சிரிப்பு கேட்கும், உடனே சமையலறையில் மிக்ஸி அலறும். ஏழரை மணிக்கு அப்படி என்ன அரைக்கிறாள்? ராத்திரி தட்டில் சட்னி இருக்காது, மசாலா இருக்காது. வெறும் சப்பாத்தியும் மத்தியானக் கறியும். சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடி, மிக்ஸியைப் போட்டுவிட்டு அதன் சத்தத்தில் மனசாரச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் ஊரார் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டவள், நேற்று வந்த பெண்ணுக்குக் கேலியா என்று அழுகை வந்தது.

மகனிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிட்டு, அன்றைக்கே தங்கை வீட்டுக்குக் கிளம்புவது என்று இருந்தேன். நாலு புடவையை மடித்துப் பையில் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். ஐந்து பேர் படுக்கிற அறையில் ஆறாவதாக நான் எங்கே படுப்பேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்த தடவை தமிழ்க்காரி திரையில் வந்ததும் வழக்கம்போல எழுந்தேன். அறைக்குப் போகிற மாதிரி போய், சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கேட்டால் சொல்ல ஒரு கிண்ணத்தில் சின்ன வெங்காயம் வைத்து உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகள் வேகமாக உள்ளே வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. நேரே போய் மிக்ஸி சுவிட்சில் கையை வைத்தாள். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் மூடியிருந்தது. சிரிப்பின் சாயல்கூட இல்லை.

ஹாலிலிருந்து சிரிப்பு வந்தது.

“எடீ, ஓடி வா! அம்மை தன்னே இது, அம்மை தன்னே!” என்று மலையாளத்தில் என் மகன் குரல். திரையில் நிற்கிறவள் அச்சு அசல் அம்மாவேதானாம். பிறகு மறுபடியும் அந்த மூக்குச் சிரிப்பு, முடிவில் ஒரு சின்ன விக்கல். அந்த விக்கலை எனக்குத் தெரியும். காப்பகத்து முதல் தொட்டிலில் என் பிள்ளையாக ஒன்றரை வருஷம் கிடந்து சிரித்தது அது. நான் கேட்டு, நானே மற்ற தாய்மாரிடம் பெருமை பேசியது. இத்தனை நாளும் அந்த விக்கல் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் அது வேறு ஆளுடையதாக இருக்கவேண்டியிருந்தது.

மிக்ஸி அலறியது. ஜாரில் ஒன்றும் இல்லை. தரையிலிருந்தே தெரிந்தது, கழுவித் துடைத்த வெறும் கண்ணாடி ஜார். அப்போதுதான் மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கை சுவிட்சிலேயே இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

“தேங்காய் அரைக்கான், அம்மே” என்றாள்.

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மூடித் தேங்காயை எடுத்து, கீறி, ஜாரில் போட்டேன். நாலு பச்சைமிளகாயும் உரித்த வெங்காயமும் போட்டேன். “இப்ப அரைம்மா” என்றேன். அந்தச் சிரிப்பு என் காதில் விழாமலிருக்க எத்தனை நாளாய் வெறும் ஜாரை ஓட்டினாள் என்று கணக்குப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நைசாக அரைத்தாள்.

மருமகள் மேல் சந்தேகம் இருந்தவரை கிளம்ப ஒரு காரணம் இருந்தது. இப்போது பையை இழுத்து, புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். அவளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் மகன் சந்தோஷமாகிவிட்டான். “அட, சட்னி! இன்னிக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் வைத்தேன். பச்சைமிளகாய் கூடிப்போய் நாக்கு எரிந்தது. ஆத்தாடி என்று தொண்டைவரை வந்தது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

“என்னம்மா, இன்னிக்கு வாயே தெறக்கல?” என்றான்.

“பல்லு வலிடா” என்றேன்.

அவன் உடனே நம்பிவிட்டான்.