மரகதம் அக்காவிடம் சொல்லாத இரண்டு கிலோ

மரகதம் அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்ற செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தேங்காய்க் களத்தில் கொப்பரை மூட்டை தைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் நர்சாக இருந்த அவர் கையால் மாதாமாதம் எடை பார்த்துக்கொண்ட தாய்மார்கள் இதைப் படிப்பீர்கள். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பிணி ஒருத்தி வாடி வதங்கி வந்து நின்றால் அவருக்குப் பொறுக்காது. “ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாங் கண்ணு, ஒருத்திக்கு ஒழுங்காச் சாப்பிடு. ஒரு முட்டை, ஒரு கை நெலக்கடலை, ஒரு டம்ளர் பால் சேத்திக்கோ. மாசம் ஒன்றரைக் கிலோவாச்சும் கூடோணும்” என்பார்.

நானோ வயிற்றைக் காயப்போட்டேன். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், ஆபரேஷன்தான் செய்ய வேண்டிவரும் என்று சொந்தக்காரப் பெண்கள் சொன்னதை நம்பினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பயம் என்னுடையது. எடை ஏறாவிட்டால் அக்கா வீட்டுக்கே வந்துவிடுவார். அதனால் களத்து எடைக்கல்லைத் துணியில் சுற்றி, பாவாடை நாடாவில் கட்டிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறினேன். முதலில் அரைக்கிலோ, அப்புறம் ஒன்று, கடைசியில் இரண்டு. இறங்கியதும் கழிப்பறைக்குப் போய் அவிழ்த்துவிடுவேன். “அம்மணியப் பாருங்க, சொன்னதக் கேட்டு எப்படி ஏத்திப்போட்டாங்க!” என்று வரிசையில் நின்றவர்களிடம் அக்கா பெருமையாகக் காட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

என் மகள் இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே டாக்டர் என் மாதாந்திர எடை எழுதிய அட்டையை நீட்டி, “எடை பாத்தீங்களா, உக்காந்த இடத்துலயே எழுதிப்போட்டீங்களா?” என்று, என்னைப் பார்க்க வந்திருந்த அக்காவைக் கேட்டார்.

“பாத்தனுங்க டாக்டர். எங்கியோ நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மகள் தேறிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள். வழியில் பார்த்தால் அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளுவார். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

துக்கம் கேட்கப் போனபோது, அவரோடு வேலை பார்த்த நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார்: “அவங்க பையில எப்பவும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருக்குமுங்க. தெனமும் அதை எந்திரத்துல வெச்சுச் சரிபாத்துட்டுத்தான் ஒருத்தரை ஏத்துவாங்க. ஒருக்கா எந்திரம் ஏமாத்திப்போடுச்சாமா, அதுலருந்துதான்.”

எந்திரத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார். தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார். என்னை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். அதையும் நான் திருடித்தான் வைத்திருக்கிறேன்.