அறுத்த நிலைப்படி

எங்கள் வீட்டுத் தெருக்கதவின் அருகே ஒரு சாண் நீள வேப்பங்கட்டை கிடக்கிறது. அதன் மேற்புறத்தில் மஞ்சள் அடுக்கடுக்காகக் காய்ந்து தோல்போலப் படிந்திருக்கிறது. ஒரு முனையில் ரம்பம் இறங்கிய தடம் தெரியும். முதல் இரண்டு விரற்கடை கோணல், பிறகு நேர். கோணலாக இருப்பது அம்மா அறுத்தது. மற்றது நான்.

பள்ளி நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால், அதை அறுத்த நாளைப் பற்றி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி. வானம் மூட்டம். கரும்புக்கு முதல் நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம்.

வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, முப்பத்திரண்டு வயதில் அக்கா எங்கள் ஊரான ஏம்பலத்துக்கு, எங்களிடமே திரும்பி வந்திருந்தாள். தெருவிலிருந்து வீட்டுக்கு மூன்று படி. சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்க நானும் எதிர்வீட்டுக்காரரும் வேண்டும். ஒருநாள் தூக்கும்போது அவள் புடவை விலகியது. எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அப்படித் திருப்பிக்கொண்டதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. அதன்பின் ஐந்து மாதம் அவள் தெருவைப் பார்க்கவில்லை.

ஆனிக் கடைசியில் கரியமாணிக்கத்தில் ஒரு கணினி மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆடி முடிவதற்குள் சேர வேண்டும். ஆட்டோ வாசலுக்கே வரும். ஆனால் ஆட்டோ வரைக்கும் தானே போக வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள். "எவன் கையும் படாம போவணும்டா. முடியும்னா சொல்லு, இல்லன்னா வுட்டுடு" என்றாள்.

சரிவுப்பாதை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பைக் ஏற்றப் போடுகிற குட்டைச் சரிவு போதும் என்றார் கொத்தனார், நான் விடவில்லை. படிகளை மூன்று முறை அளந்து, ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளமாகச் சுவரோரமாகக் கட்டவைத்தேன். சிமெண்டு காய்ந்ததும் அக்கா கீழிருந்து தானே உருட்டி மேலே வந்தாள். கதவருகே வந்ததும் சக்கரம் இடித்து நின்றது. நாலு அங்குல உயரத்தில் நிலைப்படி, கதவு நிலையின் அடிக்கட்டை, குறுக்கே கிடந்தது.

அதை நான் அளக்கவே இல்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே சொல்லி வளர்த்த வீடு. அந்த இடம் வந்ததும் கால் தானாக உயர்ந்து தாண்டிவிடும். அத்தனை வருடம் தாண்டியவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. அக்காதான் முதலில் சிரித்தாள். "அளவுக்காரரே, இத எந்த நோட்டுல எழுதப் போற?"

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்துவிட்டார். அந்த நிலையை அப்பாவோடு சேர்ந்து நிறுத்தியவர் அவர். அடியில் நவதானியம் இட்டது அப்பா. அப்பா இல்லாத வீட்டில் அதில் கைவைக்கலாமா, அதுவும் ஆடியில், வீட்டில் லட்சுமி நிற்பாளா என்று கேட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் படி இல்லை, அந்த வழியாகப் போகட்டுமே என்றும் சொன்னார்.

அம்மா அதுவரை அவர் எதிரே குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "எம் பொண்ணு இன்னா திருடியா தம்பி, பின்னால வந்து பின்னால போவ?"

"லட்சுமிக்கும் படி ஏற முடியல போல சித்தப்பா. அதான் இத்தினி வருஷமா வெளியவே நிக்கிறா" என்றாள் அக்கா.

ஆசாரி வந்து கோடு போட்டார். போட்டதோடு சரி. தை பிறக்கட்டும், இப்போது நிலையில் ரம்பம் வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். "தை வரிக்கும் அவள நான் மூட்ட மாதிரி தூக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அம்மா அவர் கையிலிருந்து ரம்பத்தை வாங்கினாள். வெள்ளிக்கிழமை ஆனதால் விடியற்காலையில் அவளே பூசிய மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது. அதன்மேலேயே வைத்து இழுத்தாள். மூச்சு வாங்கியதும் என்னிடம் நீட்டினாள்.

மறுமுனையையும் அறுத்துக் கட்டையை நெம்பியபோது மூன்றாக விண்டது. அடியில் அப்பா இட்ட தானியம் கறுத்த மண்ணாகக் கிடந்தது. அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே குழியில் போட்டுச் சிமெண்டு பூசச் சொன்னாள். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அக்கா வேலைக்குப் போனாள். முன்வாசல் வழியாக, யார் கையும் படாமல்.

அம்மா ஒரு மாசி மாதம் இறந்தபோது, நிலையை அறுத்த பாவம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நாட்குறிப்புகளை எடுத்து எண்ணினேன். அறுத்ததற்கும் இறந்ததற்கும் நடுவே பதினோரு வருடம். அதில் மழைக்கும் காய்ச்சலுக்கும் தவிர அக்கா வேலைக்குப் போகாத நாள் இல்லை. பாவம் என்கிறவர்கள் வந்து படித்துப் பார்க்கட்டும் என்றேன். ஒருவரும் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அக்கா நாற்காலியிலிருந்து குனிந்து அந்தக் கட்டைத் துண்டை எடுத்து மஞ்சள் பூசுகிறாள். பிறகு, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, கதவின் அடியில் அதைச் செருகிவிட்டுச் சரிவில் இறங்குகிறாள். அவள் திரும்பி வரும்வரை கதவைத் திறந்தபடி பிடித்திருப்பது இன்று அதன் வேலை.